யார் பாக்கெட்டில் இருக்கிறது விதி?

1

தமிழில் 'விதி' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. அரசு போடுவதும் விதி, பிரமன் எழுதுவதாகச் சொல்லப்படுவதும் விதி. இதை வெறும் சொல் விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இரண்டுக்கும் பொதுவான குணம் ஒன்று இருக்கிறது. நம்மைப் பற்றி யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள், அதை நாம் வாசிக்க முடியாது. தலையெழுத்து என்று சொல்கிறோமே, அது சொந்தத் தலையிலேயே இருந்தாலும் அவரவர் கண்ணுக்குத் தெரியாத எழுத்து. அரசாளப்படுகிற மக்களுக்கு அரசின் விதியும் வெகுகாலம் அப்படித்தான் இருந்திருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு பெரியவருக்குத் துணையாகத் தாலுகா அலுவலகம் ஒன்றுக்குப் போயிருந்தேன். அவருடைய தாத்தா பெயரில் இருந்த நிலம் பஞ்சமி நிலம் என்பது அவர் வாதம். எழுத்தர் மனுவை வாங்கிப் புரட்டிவிட்டு, பெரியவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்: "இது டி.சி. நிலம்னு எதை வச்சு சொல்றீங்க? ஆர்டர் காப்பி இருக்கா?" 1892இல் போட்ட அரசாணை என்று சொன்னேன். "அப்ப வெள்ளக்காரங்கிட்டப் போயிக் கேளுங்க சார்" என்று சிரித்தார். வெளியே வந்து புளியமரத்தடியில் நின்றபோது பெரியவர் ஒன்று கேட்டார்: "அவங்க போட்ட சட்டத்துக்கு நாம ஏந்தம்பி காப்பி வச்சிருக்கணும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியின் வரலாற்றைத் தேடிப் போகிற ஒரு முயற்சி. இன்று எல்லா விதியும் இணையத்தில் இருக்கிறது, தட்டினால் வந்துவிடும் என்று சொல்லப்படுகிறது. அது எவ்வளவு தூரம் உண்மை, எந்த இடத்தில் பொய்யாகிறது என்பதையும் பார்த்தாக வேண்டும்.

2

விதியைப் பகிரங்கப்படுத்துவது ஜனநாயகத்தின் கண்டுபிடிப்பு அல்ல. எம்.ஏ. தமிழ் படித்த எல்லோரையும் போல நானும் உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிப் பெருமையோடு பரீட்சை எழுதியவன்தான். முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும், சபையின் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகள் அங்கே கல்லில் வெட்டப்பட்டன. ஊரை முப்பது குடும்பாகப் பிரிக்க வேண்டும். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட வேண்டும். போட்டியிடுபவருக்கு வரி கட்டுகிற கால்வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் இருக்க வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். கணக்குக் காட்டாமல் போனவர்களுக்கும் அவர்களுடைய உறவினர்களுக்கும் தகுதி கிடையாது. இன்றைய தேர்தல் விதிகளோடு வைத்துப் பார்த்தால் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

ஆனால் நாங்கள் பரீட்சையில் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. அது ஒரு சதுர்வேதிமங்கலம். வேதம் அறிந்திருப்பதும் அங்கே தகுதிகளில் ஒன்று. அந்த ஊரின் வயலில் உழைத்தவன் அந்தச் சுவரருகே போய் நின்று வாசித்திருக்க முடியுமா? விதி பகிரங்கமாக இருந்தது, சரி. யாருக்குப் பகிரங்கம்? 'பொது' என்ற சொல்லைப் பயன்படுத்துகிற போதெல்லாம் இந்த இரண்டாவது கேள்வியையும் சேர்த்துக் கேட்காவிட்டால் நாம் கல்வெட்டுப் பெருமையிலேயே நின்றுபோவோம்.

ரோமாபுரியின் கலிகுலாவைப் பற்றி சூட்டோனியஸ் எழுதிவைத்திருக்கிற கதை இன்னும் அப்பட்டமானது. புது வரிகளைப் போட்டான், சட்டத்தை வெளியிடவில்லை. தெரியாமல் பலர் குற்றவாளியானார்கள். ஜனங்கள் கூச்சல் போட்ட பிறகு வெளியிட்டான், யாரும் நகலெடுத்துவிடாதபடி மிகச் சின்ன எழுத்தில், ஒரு குறுகலான இடத்தில். மறைப்பதற்கு ஒளித்து வைக்க வேண்டும் என்று அவசியமில்லை, படிக்க முடியாதபடி காட்டினாலும் போதும் என்று அதிகாரம் அன்றே தெரிந்துவைத்திருக்கிறது.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெந்தாம் இங்கிலாந்து நீதிபதிகளைக் கிண்டல் செய்தது இதையொட்டித்தான். நாய்க்கு யாரும் விதியைச் சொல்லிக் கொடுப்பதில்லை. அது எதையாவது செய்யட்டும் என்று காத்திருந்து அடிக்கிறோம், அடிதான் அதற்குச் சட்டம். நீதிபதிகளும் மக்களுக்குச் சட்டத்தை அப்படித்தான் கற்றுக்கொடுக்கிறார்கள் என்றார் அவர். இதே பெந்தாம்தான், எல்லோரையும் ஓரிடத்திலிருந்தே கண்காணிக்கும் சிறைக்கும் வரைபடம் போட்டவர். ஃபூக்கோ வழியாக அந்தச் சிறையை நாம் நன்றாகவே அறிவோம். ஆளப்படுபவனைத் தெரிய வைப்பதும் ஆளும் விதியைத் தெரிய வைப்பதும் வேறு வேறு அரசியல். முதலாவதில் அரசுகள் காட்டிய வேகத்தை இரண்டாவதில் காட்டியதே இல்லை.

3

உத்திரமேரூர் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. கல்வெட்டு வெட்டப்பட்டு ஏறத்தாழ 970 வருஷம் கழித்து, 1891இல், அந்த மாவட்டத்தின் பொறுப்பு கலெக்டர் டிரமென்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். தரிசு நிலத்துக்குத் தர்க்காஸ்து போட்டால் மிராசுதாருக்கே முன்னுரிமை என்ற ஏற்பாடு இருந்தது. பறையர் ஒருவர் மனுப் போட்டால், மிராசுதார் குறுக்கே வந்து எனக்கு வேண்டும் என்றால் போதும், மனு விழுந்துவிடும். இதையெல்லாம் அந்த அறிக்கை எடுத்துக் காட்டியது. அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று வருவாய்த் துறையின் 1010, 1010ஏ எண் அரசாணைகள் வந்தன. ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு நிலம் ஒப்படை செய்யப்பட வேண்டும், பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, பிறகும் அதே வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம், மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்ற நிபந்தனைகள் இந்த வழியில் வந்தவை. வருவாய் வாரியத்தின் நிலையாணைகளில் இவை இடம்பெற்றன.

இந்த விதி எங்கே வாழ்ந்தது என்று கேட்டுப் பாருங்கள். ஆங்கிலத்தில், கனத்த அட்டை போட்ட தொகுதிகளில், கலெக்டர் அலுவலக அலமாரிகளில் வாழ்ந்தது. நிலம் பெற்றவருக்கு ஆங்கிலம் தெரியாது, பலருக்கு எழுத்தே தெரியாது. பத்திரம் எழுதிக்கொடுத்தவனுக்கும் எழுதி வாங்கியவனுக்கும் நடுவில் இருந்த கர்ணத்துக்கு மட்டும் தெரியும். கர்ணம் எந்தச் சாதி என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? தன்னைக் காக்கிற விதி இருப்பதே தெரியாமல் கால் மூட்டை கேழ்வரகுக்குக் கைநாட்டு வைத்த கதைகளை அந்தப் பக்கத்துச் சேரிகளில் இன்றும் கேட்கலாம். விதியை மீறியவன் விதியைப் படித்தவன். அது யாருக்காகப் போடப்பட்டதோ அவனுக்கு அது தலையெழுத்தாகவே இருந்துவிட்டது.

நூறு வருஷம் கழித்து அந்த அரசாணையின் எண் கிராமங்களில் மந்திரம் போலச் சொல்லப்படலாயிற்று. தலித் இயக்கங்கள் அதைத் துண்டறிக்கையாக்கின. பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்ற கணக்கு மேடைதோறும் ஒலித்தது. 1994 அக்டோபர் 10 அன்று, செங்கல்பட்டில், காரணை நிலப் போராட்டத்தில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் இறந்தனர். அரசு தானே போட்ட ஒரு விதியை நிறைவேற்று என்று கேட்டதற்குக் கிடைத்த பதில் அது.

4

ஆளப்படுபவனுக்குத்தான் விதி தெரியாது, ஆள்பவனுக்குத் தெரியும் என்று நினைத்தால் அதுவும் தப்பு. 1930களின் அமெரிக்காவில் நடந்தது இது. பொருளாதார வீழ்ச்சியைச் சமாளிக்க ரூஸ்வெல்ட் அரசு 1933இல் கொண்டுவந்த தொழில் மீட்புச் சட்டத்தின் கீழ் உத்தரவுகள் மழையாகப் பொழிந்தன. அவற்றை ஒரே இடத்தில் வெளியிடுகிற ஏற்பாடு எதுவும் கிடையாது. அளவுக்கு மேல் எண்ணெய் எடுத்தவர்கள் மீது வழக்குப் போட்டார்கள், கைது செய்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான் தெரிந்தது, எந்தப் பிரிவின் கீழ் வழக்குப் போட்டார்களோ அந்தப் பிரிவே இல்லை. 1933 செப்டம்பரில் செய்த ஒரு திருத்தத்தில் அது கைதவறி நீக்கப்பட்டிருந்தது. அரசு வக்கீலுக்கும் தெரியாது, எதிர்த் தரப்புக்கும் தெரியாது, கீழ்க் கோர்ட்டுகளுக்கும் தெரியாது. அந்த விதியின் நகல் எங்கே கிடைத்தது என்று கேட்டபோது, அரசு ஏஜெண்ட் ஒருவரின் பின்பாக்கெட்டில் பார்த்தேன் என்று எண்ணெய்க் கம்பெனியின் வக்கீல் சொன்னாராம். 1935 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. அந்த வருஷமே விதிகளையெல்லாம் ஒரே அரசிதழில் வெளியிட வேண்டும் என்று சட்டம் வந்தது. 1936 மார்ச்சில் 'பெடரல் ரிஜிஸ்டர்' தொடங்கியது. விதியை அரசின் பாக்கெட்டிலிருந்து வெளியே எடுத்தவை எண்ணெய் முதலாளிகளின் வழக்குகள் என்பதையும் கவனிக்க வேண்டும்.

நம்முடைய பாக்கெட் கதை 1951இல் வருகிறது. ஜெய்ப்பூர் சமஸ்தானத்து மந்திரிசபை 1923இல் அபின் சட்டம் ஒன்றைத் தீர்மானமாக நிறைவேற்றியது. அரசிதழில் போடவில்லை, தண்டோரா போடவில்லை. ஹர்லா என்பவருக்கு அதன்கீழ் 50 ரூபாய் அபராதம். உச்ச நீதிமன்றம் வரை போனார். நீதிபதி விவியன் போஸ் தண்டனையை ரத்து செய்தார். நாலு சுவருக்குள் போட்டு வெளியே சொல்லாத ஒன்று மக்களைக் கட்டுப்படுத்தும் சட்டமாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். அந்த அபின் சட்டம் பிறந்த 1923இல்தான் பிரிட்டிஷ் இந்தியாவில் அலுவல் ரகசியச் சட்டமும் பிறந்தது. முன்னது போய்விட்டது, பின்னது இன்றும் இருக்கிறது. அலுவல் ரகசியம் என்பதே அதிகாரவர்க்கத்தின் தனிக் கண்டுபிடிப்பு என்று மாக்ஸ் வெபர் சொன்னதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு வழக்கு. 1971 தேர்தலில் இந்திரா காந்தியிடம் ரேபரேலியில் தோற்ற ராஜ்நாராயண், பிரதமர் சுற்றுப்பயணம் போகும்போது பாதுகாப்புக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்ற விதிப்புத்தகத்தைக் கோர்ட்டில் காட்டச் சொன்னார். நீலப் புத்தகம் என்று அதற்குப் பெயர். ரகசியம் என்றது அரசு. 1975 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த விஷயத்தை உயர் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. ஆனால் அந்தத் தீர்ப்பில்தான் நீதிபதி மாத்யூ, பொது ஊழியர்கள் பொதுவில் செய்யும் ஒவ்வொன்றையும் அறிய மக்களுக்கு உரிமை உண்டு என்று எழுதினார். புத்தகம் கைக்கு வரவில்லை, வாசகம் வந்தது. அந்த வாசகத்தைப் பிடித்துக்கொண்டுதான் பின்னால் ஓர் இயக்கமே நடந்தது.

5

அந்த இயக்கத்தின் பிறப்பிடம் டில்லி அல்ல. ராஜஸ்தானில் 1990 மே தினத்தில் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன், 1994 டிசம்பரில் கோட் கிரானாவில் முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. பஞ்சாயத்து வேலைகளின் பில்லையும் வருகைப் பட்டியலையும் கூட்டத்தின் நடுவே உரக்க வாசித்தார்கள். செத்தவன் பெயரில் கூலி, கட்டாத கட்டடத்துக்குக் கணக்கு. எழுத்தறியாத பெண்கள் எழுந்து சாட்சி சொன்னார்கள். காரணை துப்பாக்கிச்சூடு நடந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதே 1994இல்தான் அமெரிக்க அரசு தன் பெடரல் ரிஜிஸ்டரை இணையத்தில் ஏற்றியது. அங்கே கம்பியூட்டர் திரையில் விதி, கோட் கிரானாவில் கூட்டத்தின் காதில் விதி, செங்கல்பட்டில் நெஞ்சில் குண்டு. ஒரே வருஷத்தின் மூன்று காட்சிகள் இவை.

1997இல் இந்தியாவிலேயே முதலாவதாகத் தமிழ்நாடு தகவல் உரிமைச் சட்டம் போட்டது. ஆனால் விலக்குகளின் பட்டியல் உரிமையைவிட நீளம். 2005இல் மத்தியச் சட்டம் வந்து அக்டோபர் 12இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பத்து ரூபாய் கட்டி மனுப் போடலாம், முப்பது நாளில் பதில் என்பதுதான் எல்லோருக்கும் தெரிந்த பகுதி. நம் விஷயத்துக்கு முக்கியம் நான்காம் பிரிவு. ஒவ்வொரு அலுவலகமும் தன் ஊழியர்கள் பயன்படுத்தும் விதிகள், ஒழுங்குமுறைகள், அறிவுரைகள், கையேடுகள் எல்லாவற்றையும் யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டும் என்கிறது அது. மக்கள் மனுப் போட வேண்டிய தேவையே குறையும்படி இணையம் உள்ளிட்ட வழிகளில் தர வேண்டும், உள்ளூர் மொழியைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. புளியமரத்தடியில் பெரியவர் கேட்ட கேள்விக்குச் சட்டப்படியான பதில் இதுதான். காப்பி வைத்திருக்க வேண்டியது அவரல்ல, அவர்கள்தான்.

6

இன்றைய நிலைமைக்கு வருவோம். 2015 அக்டோபர் 1 முதல் இந்திய அரசிதழைத் தாளில் அச்சிடுவது நின்று, மின்னரசிதழே அரசிதழ் என்றாயிற்று. மத்தியச் சட்டங்களையும் அவற்றின் கீழான விதிகளையும் தேடக்கூடிய வடிவில் இணையத்தில் தர வேண்டும் என்று ஒரு சட்ட மாணவர் வழக்குப் போட, 2016இல் தில்லி உயர் நீதிமன்றம் அதற்கு உத்தரவிட்டது. 'இந்தியா கோட்' தளத்தில் சட்டத்தைத் திறந்தால் அதன்கீழ் விதிகளும் அறிவிக்கைகளும் வரிசையாக வருகின்றன. தமிழ்நாடு அரசின் தளத்தில் துறைவாரியாக அரசாணைகள் இருக்கின்றன, அச்சுத் துறையின் தளத்தில் மாநில அரசிதழ் இருக்கிறது. வக்கீல் குமாஸ்தாவுக்கு டீ வாங்கிக் கொடுத்து நகல் வாங்கிய காலத்தை நினைத்தால் இது சாதாரணக் காரியமில்லை. இதை ஏளனம் செய்பவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

ஆனால் தேடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தேடுவதற்கே ஒரு தனி எழுத்தறிவு வேண்டியிருக்கிறது. சட்டம் வேறு, விதி வேறு, அரசாணை வேறு, சுற்றறிக்கை வேறு. சட்டத்தின் எந்தப் பிரிவு விதி போடும் அதிகாரத்தைத் தருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். விதி வந்த அறிவிக்கையின் எண்ணைப் பிடிக்க வேண்டும். மத்திய அரசின் பொது விதிகள் அரசிதழின் இரண்டாம் பகுதி, மூன்றாம் பிரிவு, முதல் உட்பிரிவில் வரும் என்று தெரிந்திருக்க வேண்டும். பிறகு வந்த திருத்தங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வர வேண்டும். அரசாணையில் 'நிலை' என்று போட்டிருந்தால் ஒன்று, 'வாலாயம்' என்று போட்டிருந்தால் இன்னொன்று. எண்ணும் தேதியும் துறையும் தெரிந்தால் கிடைத்துவிடும். தெரிந்தவனுக்குத்தான் தெரியும் என்கிற பழைய கதை புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கிறது. பன்னிரண்டு இலக்கத்தில் நம்மை ஒரு நொடியில் தேடி எடுத்துவிடுகிற அரசை நாம் தேடி எடுக்க எத்தனை இலக்கம் வேண்டியிருக்கிறது பாருங்கள்.

பல ஆணைகள் காகிதத்தைப் படமெடுத்துப் போட்டவை. முத்திரையின் மை எழுத்தை மூடியிருக்கும், ஒரு சொல்லைக்கூடத் தேட முடியாது. கலிகுலாவின் பொடி எழுத்தை இதைவிட நன்றாக நினைவூட்டுவது வேறில்லை.

மொழி அடுத்த சுவர். 2020 மார்ச்சில் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை இணையத்தில் எல்லோருக்கும் திறந்தே கிடந்தது, ஆங்கிலத்திலும் இந்தியிலும். கருத்துச் சொல்லலாம் என்றார்கள். கடலூரில் ரசாயனக் காற்றைச் சுவாசிக்கிறவன் எந்த மொழியில் படித்து எந்த மொழியில் கருத்துச் சொல்வது? அந்த ஜூன் 30 அன்று தில்லி உயர் நீதிமன்றம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் அதை மொழிபெயர்க்கச் சொல்லி, ஆகஸ்ட் 11 வரை கால அவகாசம் கொடுத்தது. அதற்குள் தமிழ்ப்படுத்திப் பரப்பியவர்கள் தன்னார்வமாக உட்கார்ந்த இளைஞர்கள். அவர்கள் செய்ததுதான் இந்தக் காலத்தின் நல்ல மொழிபெயர்ப்புப் பணி என்று நான் சொல்வேன்.

மூன்றாவது சிக்கல் நுட்பமானது, அதனாலேயே ஆபத்தானது. இன்று எந்த நிலத்தின் பட்டா, சிட்டா, 'அ' பதிவேட்டையும் செல்போனில் பார்த்துவிடலாம். ஆனால் அங்கே தெரிவது யு.டி.ஆர். என்று சொல்லப்படும் நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பிறகான பதிவு. 1979இல் தொடங்கி எண்பதுகளில் நடந்த அந்தத் திட்டத்தின்போது பல ஊர்களில் 'டி.சி. நிலம்' என்ற குறிப்பு விடுபட்டுப் போனதாக நில உரிமை இயக்கங்கள் சொல்லிவருகின்றன. அதைச் சரிபார்க்க வேண்டுமானால் அதற்கு முந்தைய பழைய பதிவேட்டைப் புரட்ட வேண்டும், அது அலமாரியில்தான் இருக்கிறது. திரையில் இருக்கும் பெயருக்கு முன்கதை கிடையாது. அது எப்போதும் அப்படியே இருந்ததுபோல் தோற்றம் தருகிறது. ஒரு பிரதியின் திருத்தப்பட்ட கடைசிப் பதிப்பை மட்டும் கொடுத்து, இதுதான் மூலம் என்பது போன்றது இது. பாட பேதம் பார்க்கப் பழகிய தமிழ் மாணவர்களுக்கு இதன் அரசியலை விளக்க வேண்டியதில்லை. விதி இணையத்துக்கு வந்துவிட்டது, விதி மீறப்பட்டதற்கான சாட்சியம் இன்னும் பூட்டுக்குள் இருக்கிறது. இரண்டும் ஒன்றாக வெளியே வராமல் பஞ்சமி நிலம் ஒரு சென்ட்கூடத் திரும்பி வராது.

7

அப்படியானால் என்ன செய்யலாம்? இணையத்தை நம்பாதே என்று சொல்ல வரவில்லை. கிடைத்ததை உடனே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் சுட்டிகள் சொல்லாமல் செத்துப்போகும். கிடைக்காததை நான்காம் பிரிவைச் சொல்லிக் கேட்க வேண்டும், எதற்காக வெளியிடவில்லை என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஆனால் இதெல்லாம் பாதி வேலை. மீதிப் பாதி கோட் கிரானாவில் நடந்தது. அங்கே காகிதம் கைக்கு வந்ததோடு விஷயம் முடியவில்லை, அது கூட்டத்தில் உரக்க வாசிக்கப்பட்டது. எழுத்து பேச்சானபோது, பதில் சொல்ல வாய்கள் கிடைத்தன.

எழுதுகிறவர்களாகிய நமக்கு இதில் நேரடியான வேலை இருக்கிறது. அதிகாரத்தைப் பற்றி நூற்றுக்கணக்கான பக்கங்கள் எழுதிவிட்டோம். ஓர் அரசாணையை வரி வரியாக வாசித்து, நம் ஊர்க்காரனுக்குப் புரிகிற தமிழில் எழுதிக் கொடுத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? நான் எழுதியதில்லை, அந்தப் புளியமரத்தடி வரைக்கும்.

போன மாதம் நிலையாணையின் அந்தப் பகுதியைத் தமிழில் எழுதி, நாலு பக்கமாக அச்செடுத்துக்கொண்டு பெரியவரைப் பார்க்கப் போனேன். கண் சரியாகத் தெரியவில்லை, நீயே படி என்றார். திண்ணையில் உட்கார்ந்து படித்தேன். பத்து வருஷம் விற்கக் கூடாது, அப்புறமும் நம்மாளுக்குத்தான் விற்கலாம் என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "இத எங்கப்பங்கிட்ட ஒருத்தன் படிச்சுக் காட்டியிருந்தா போதுமே தம்பி."